விப்: கொறடா என்று எங்கே சொல்லலாம்?

பிரிட்டன் நாடாளுமன்றச் செய்திகளில் 'விப்' என்ற சொல் மூன்று பொருளில் வரும். மூன்றையும் கன்சர்வேட்டிவ் கட்சியின் கென்னத் கிளார்க் வாழ்க்கையிலேயே பார்த்துவிடலாம்.

முதலில் ஆள். நரி வேட்டையில் விலகி ஓடும் நாய்களைச் சாட்டையைச் சொடுக்கிக் கூட்டத்தோடு சேர்ப்பவருக்கு 'விப்பர்-இன்' என்று பெயர். 18ஆம் நூற்றாண்டில் நாடாளுமன்றத்துக்கு வந்த அந்தச் சொல் பிறகு 'விப்' என்று சுருங்கியது. சொந்தக் கட்சி உறுப்பினர்களை வாக்கெடுப்புக்குத் திரட்டுவதும், யார் முரண்டு பிடிக்கிறார் என்று தலைமைக்குச் சொல்வதும் இவர் வேலை. 1970இல் ரஷ்கிளிஃப் தொகுதியில் ஜெயித்த கிளார்க், 1972இல் எட்வர்ட் ஹீத் அரசில் விப் ஆனார். ஐரோப்பியச் சமூகத்தில் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி அமைப்பு) பிரிட்டனைச் சேர்க்கும் மசோதா தள்ளாடிய ஆண்டு அது. பிப்ரவரியில் அதன் இரண்டாம் வாசிப்பு வெறும் 8 வாக்கு வித்தியாசத்தில்தான் தேறியது.

அடுத்தது தாள். அந்த வாரத்து அவை அலுவல்களை எழுதி உறுப்பினர்களுக்கு அனுப்பும் சுற்றறிக்கைக்கும் விப் என்றே பெயர். ஒரு அலுவலின் கீழ் மூன்று கோடு போட்டிருந்தால் கட்டாயம் வந்து, கட்சி சொல்கிறபடி வாக்களிக்க வேண்டும்.

மூன்றாவது, நாடாளுமன்றக் கட்சிக் குழுவில் ஒருவருக்கு இருக்கும் இடம். மொழிபெயர்ப்பில் அதிகம் சொதப்புவது இங்கேதான். சுகாதாரம், கல்வி, உள்துறை, நிதி, நீதி என்று ஐந்து துறைகளுக்கு அமைச்சராக இருந்தவர் கிளார்க். 2019 செப்டம்பர் 3 அன்று, ஒப்பந்தம் இல்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதைத் தடுக்க முனைந்தவர்களோடு சேர்ந்து சொந்த அரசுக்கு எதிராக வாக்களித்தார். அப்படி வாக்களித்த 21 பேரிடமிருந்தும் 'விப்' பறிக்கப்பட்டது. அதாவது நாடாளுமன்றக் கட்சிக் குழுவிலிருந்து நீக்கினார்கள். எம்.பி. பதவி போகவில்லை, கட்சி உறுப்பினர் அட்டையும் போகவில்லை. ஐரோப்பாவுக்காக ஆள் திரட்டிய பழைய விப், அதே ஐரோப்பாவுக்காகத் தன் விப்பை இழந்தார். அவையிலேயே மிக நீண்ட காலம் தொடர்ந்து உறுப்பினராக இருந்தவருக்கு இந்தத் தண்டனை கொடுத்தது எனக்கு அநியாயமாகவே படுகிறது.

சரி, தமிழில்? நம் சட்டமன்றத்திலும் இலங்கை நாடாளுமன்றத்திலும் 'கொறடா' நிலைத்துவிட்டது. இதற்கும் சாட்டை என்றுதான் பொருள். மராத்தியில் கோரடா, இந்தியில் கோடா. 'சாட்டையர்' என்று புதிதாகப் படைக்கத் தேவையில்லை. ஆளுக்குக் கொறடா, தாளுக்குக் கொறடா உத்தரவு என்பதே போதும். ஆனால் மூன்றாவது பொருளில் 'கொறடா பறிப்பு' என்று எழுதினால், ஏதோ பதவி பறிபோனதாக வாசகர் நினைப்பார். 'நாடாளுமன்றக் கட்சிக் குழுவிலிருந்து நீக்கம்' என்று நீட்டியே எழுதுங்கள். 'தகுதி நீக்கம்' வேண்டாம்: கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகலாம் என்பது இந்தியாவின் கட்சித் தாவல் தடைச் சட்டம். பிரிட்டனில் அப்படி ஒரு சட்டம் இல்லை.