ஈயமும் குரோமியமும் சந்தித்தால்

பெங்களூரில் பி.யு.சி. அறிவியல் படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். உப்புப் பகுப்பாய்வில் ஈயத்தைக் கண்டுபிடிக்க, கரைசலில் பொட்டாசியம் குரோமேட்டைச் சில சொட்டு விடுவார்கள். சட்டென்று மஞ்சளாக வீழ்படிவு இறங்கும். அதுதான் ஈயக் குரோமேட். சோதனைக் குழாயில் நொடியில் வரும் இதே பொருள், மண்ணுக்குள் செந்நிற ஊசிப் படிகமாக வளர்ந்தால் குரோகோயிட். அது கிடைக்கும் இடங்களோ உலகில் மிகச் சில.

காரணம், அதில் சேரும் ஈயம், குரோமியம் என்ற இரண்டு தனிமங்களின் பிறந்த இடங்கள் வேறு வேறு. குரோமியம் பூமியின் ஆழத்திலிருந்து வந்த, மக்னீசியம் மிகுந்த கரும்பாறைகளில் குரோமைட் என்ற தாதுவாக இருக்கும். நமக்குப் பக்கத்தில் ஹாசன் மாவட்டத்து பைராபுரத்தில் அப்படித்தான் கிடைத்தது. ஈயமோ, வெந்நீர் ஓடிய பாறை விரிசல்களில் கந்தகத்தோடு சேர்ந்து கலீனா என்ற தாதுவாகப் படியும்.

சரி, இரண்டும் அருகருகே அமைந்துவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் குரோமைட் லேசில் அசையாது. அதிலுள்ள குரோமியம் +3 நிலையில், அதாவது மூன்று எலக்ட்ரான்களை இழந்த நிலையில், இருக்கிறது; தண்ணீரில் கரைவதே அபூர்வம். +6 நிலைக்கு மாறினால்தான் குரோமேட்டாகக் கரைந்து ஓடும். காற்றிலுள்ள ஆக்சிஜனுக்கு இந்த வேலையில் வேகம் போதாது. மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடுகள்தான் எலக்ட்ரான்களைப் பிடுங்கிக் காரியத்தை முடிக்கின்றன. (பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டைப் பக்கம் நிலத்தடி நீரில் குரோமியம் என்று செய்தி வந்தால், அங்கே தொல்லை தருவதும் இந்த +6 தான். அது நச்சு, நீரோடு நீராக நகரும்.)

இன்னொரு பக்கம் கலீனாவும் மழையிலும் காற்றிலும் சிதைந்து ஈயத்தை விட்டுக்கொண்டிருக்கும். இரண்டு நீரும் துருப்பிடித்த பாறையின் பொந்துகளில் கலக்கின்றன. இரண்டிலும் சரக்கு மிகக் குறைவு என்பதால் ஆய்வகத்தில் போலத் தூளாகக் கொட்டாமல் அணு அணுவாகச் சேர்ந்து ஊசியாக நீள்கிறது. அந்த ஊசியைப் பொடித்துப் பாருங்கள், சிவப்பு போய் மஞ்சள் சாயல் எட்டிப் பார்க்கும்.

ரஷ்யாவின் யூரல் மலையில், பெரெஸோவ்ஸ்கி தங்கச் சுரங்கத்தில் கிடைத்த இந்தக் கனிமத்திலிருந்துதான் 1797-இல் பிரெஞ்சு வேதியியலர் வோக்லான் குரோமியம் என்ற தனிமத்தையே கண்டுபிடித்தார். அழகில் முதலிடம் என்னைக் கேட்டால் டாஸ்மேனியாவின் டண்டாஸ் சுரங்கப் படிகங்களுக்குத்தான். கனிமக் கண்காட்சியில் ஒன்று வாங்க வாய்த்தால் வெயில் படும் ஜன்னலோரம் வைக்காதீர்கள், வெளிச்சத்தில் பளபளப்பு மங்கும். ஈயமும் குரோமேட்டும் சேர்ந்த பொருள் என்பதால் தொட்டபின் கையைக் கழுவிவிடுங்கள்.