ஒரே பேருந்துக்கு எத்தனை மானியம்?

அமெரிக்காவில் கூட்டாட்சி மானியம் பெறும் அமைப்புகளின் கணக்குகளைத் தணிக்கை செய்பவன் என்ற முறையில், தேவைக்கு மிகுதியான சுற்றுச்சூழல் மானியங்களை நிறுத்த வேண்டும் என்ற கோரிக்கையை நான் பொதுவாக ஆதரிக்கிறேன். ஆனால், எது மிகுதி என்பதை எந்தக் கணக்கைக் கொண்டு முடிவுசெய்கிறார்கள் என்பதில்தான் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

டீசல் புகையைக் குறைக்கும் மானியங்களையே பார்க்கலாம். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2012-இல் ஆராய்ந்தபோது, எரிசக்தித் துறை, போக்குவரத்துத் துறை, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆகிய மூன்றிடமும் இதற்குப் பணம் தரும் 14 திட்டங்கள் இருந்தன. 2007 முதல் 2011 வரையான நிதியாண்டுகளில் அவற்றின் வழியே குறைந்தது 140 கோடி டாலர் ஒதுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு திட்டமும் வேறொன்றுடன் ஏதோ ஒரு வகையில் மேற்பொருந்தியது. ஆயினும், அதில் தேவையற்ற இரட்டிப்பு உண்டா என்று அந்த அலுவலகத்தால் உறுதிசெய்ய இயலவில்லை; நிர்வாகச் செலவு பற்றிய விவரமே போதிய அளவில் கிடைக்கவில்லை என்பது அதற்கு ஒரு காரணம்.

ஒரு பள்ளி நிர்வாகம் பேருந்து வாங்க ஒரு மானியமும், எரிபொருள் நிலையம் அமைக்க இன்னொரு மானியமும் பெற்றால் அது மேற்பொருந்துதலே தவிர இரட்டிப்பு ஆகாது. ஒரே வாகன அடையாள எண்ணுக்குரிய விலைச்சீட்டு இரண்டு மானியக் கோப்புகளிலும் முழுத்தொகைக்கு இருந்தால்தான் இரட்டிப்பு. ஒரு கூட்டாட்சி மானியத்துக்குப் பயனாளி தன் பங்காகப் போட வேண்டிய தொகையாக இன்னொரு கூட்டாட்சி மானியத்தைக் காட்டுவதும், சட்டம் வெளிப்படையாக அனுமதித்தாலன்றி, விதிமீறலே. ஆனால் வருடாந்தரத் தணிக்கை ஒவ்வொரு பயனாளியையும் தனித்தனியே பார்க்கிறது. அதிலும், எவ்வளவு கூட்டாட்சி நிதியைச் செலவிட்டால் அந்தத் தணிக்கை கட்டாயம் என்பதற்கு ஆண்டுக்கு 7.5 லட்சம் டாலராக இருந்த வரம்பு இப்போது 10 லட்சமாக உயர்ந்துவிட்டதால், சிறிய பயனாளிகள் பலர் அதன் எல்லைக்குள் வருவதே இல்லை.

நிதி வெட்டு எங்கே விழுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். டீசல் புகைக் குறைப்பையே நோக்கமாகக் கொண்டு 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான திட்டத்துக்கு, 2012 நிதியாண்டில் ஒரு டாலரும் வேண்டாம் என்று ஒபாமா அரசே முன்மொழிந்தது. காங்கிரஸ் அதை ஏற்காமல் நிதியைத் தொடர்ந்தது. புகைமாசு எவ்வளவு குறைந்தது என்று காங்கிரசுக்கு அறிக்கை தரும் திட்டம் அது. டீசலைப் பல நோக்கங்களுள் ஒன்றாக மட்டும் கொண்டிருந்த பெரிய நிதிகள் சிலவற்றிலோ, புகை எவ்வளவு குறைந்தது என்பதற்கான அளவுகோலே இருக்கவில்லை. கணக்குக் காட்டுபவர் கண்ணில் படுகிறார், காட்டாதவர் தப்பிவிடுகிறார்!

திட்டத்தை நிறுத்தும் முன் ஓராண்டுக்கேனும் மூன்று துறைகளும் ஒரே விண்ணப்பப் படிவத்தையும், வாகன எண் வாரியான ஒரே பொதுப் பதிவேட்டையும் வைத்து, தத்தம் நிர்வாகச் செலவைத் தனித் தலைப்பில் காட்டட்டும்.