எலும்பு கூடிவிட்டது, விரல் ஏன் மடங்கவில்லை?

பூ கட்டி விற்கும் அம்மா ஒருவர் என்னிடம் ஃபிசியோதெரபிக்கு வந்தார். மழையில் நனைந்த சந்தைப் படியில் வழுக்கி விழுந்ததில் இடது கை மோதிர விரலின் அடி எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டு போட்டு, மூன்று வாரத்தில் வரச் சொல்லியிருக்கிறார்கள். மகளுக்குப் பேறுகாலம் என்று ஊருக்குப் போனவர், வலி இல்லையே என்று ஏழாவது வாரம்தான் திரும்பினார். எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகக் கூடியிருந்தது. விரல் மட்டும் மடங்கவில்லை. முறிவே இல்லாத பக்கத்து விரல்கள் இரண்டும்கூட மடங்கவில்லை.

"எலும்பு கூடிடுச்சுன்னாங்களே சார், அப்புறம் ஏன் நார் பிடிக்க முடியல?"

ஒரு கையில் 27 எலும்புகள். விரல் எலும்பின் மேலேயே, தோலுக்கு அடியில் மெல்லிசாக, விரலை நீட்டும் தசைநாண், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் கயிறு, ஓடுகிறது. முறிந்த இடத்தில் கசியும் ரத்தமும் வீக்க நீரும் பசை மாதிரி. அசைவில்லாமல் கிடந்தால் எலும்பு, நாண், தோல் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இன்னொரு சங்கதியும் உண்டு. விரல் தொடங்கும் பெரிய முட்டியின் இருபுறமும் எலும்போடு எலும்பைக் கட்டும் தசைநார்கள் விரல் நீட்டியிருக்கும்போது தொளதொளவென்று இருக்கும், மடக்கினால் விறைப்பாகும். நீட்டிய நிலையிலேயே வாரக்கணக்கில் கட்டி வைத்தால் அவை சுருங்கிவிடும். பிறகு முட்டி மடங்க மறுக்கும். அதனால்தான் பல முறிவுகளுக்கு மணிக்கட்டைச் சற்றே பின்னுக்குச் சாய்த்து, முட்டியை மடக்கி, விரல்களை நேராக வைத்துக் கட்டுகிறோம். "என்ன சார், வாத்து மூக்கு மாதிரி இருக்கு" என்பார்கள். இருக்கட்டும்.

விரல் எலும்பு பெரும்பாலும் மூன்று, நான்கு வாரத்தில் அசைவைத் தாங்கும் அளவுக்குக் கூடிவிடும். எக்ஸ்ரேயில் முறிவுக் கோடு மாதக்கணக்கில் தெரியலாம். கோடு மறையட்டும் என்று காத்திருந்தால் விரல் கெட்டுவிடும். விலகாத, உறுதியான முறிவாக இருந்தால் பக்கத்து விரலோடு சேர்த்து டேப் ஒட்டி முதல் வாரத்திலேயே மடக்க விடுவதும் உண்டு. விலகியிருந்தால் கம்பியோ, பிளேட்டும் ஸ்க்ரூவுமோ வைப்பார்கள். பிளேட் என்றால் பயப்படுகிறார்கள். ஆனால் பிளேட் உறுதியாகப் பிடித்துவிட்டால் சில நாட்களிலேயே அசைக்கத் தொடங்கலாம், அதுதான் அதன் லாபம். அதனால் டாக்டரிடம் "கட்டை எப்போ பிரிப்பீங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். "எந்த விரலை இன்றைக்கே அசைக்கலாம்" என்றும் கேளுங்கள்.

விரல் திருகிக்கொண்டு கூடுவதும் நடக்கும். விரல்களை மெல்ல மடக்கினால் நான்கு நுனிகளும் கட்டைவிரல் அடிப்பக்கம் பார்த்துச் சாய வேண்டும். ஒன்று மட்டும் பக்கத்து விரல்மேல் ஏறினால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். அப்படியே கூடிவிட்டால் எலும்பை மறுபடி வெட்டித்தான் நேராக்க வேண்டியிருக்கும்.

பைக்கிலிருந்து உள்ளங்கையை ஊன்றி விழுந்தவர்கள் இதையும் கவனியுங்கள். கட்டைவிரலைத் தூக்கினால் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குழி தெரியும். அதை அழுத்தினால் வலிக்கிறதா? உள்ளே இருக்கும் ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பு முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவது சகஜம். பத்துப் பதினைந்து நாளில் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும், அதுவரை கட்டு இருக்க வேண்டும். அந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் போகிறது. முறிந்தால் பின்பாதி பட்டினி. சுளுக்கு என்று எட்டு மாதம் எண்ணெய் தேய்த்துவிட்டு வந்த ஒரு பையனுக்கு இடுப்பெலும்பிலிருந்து துண்டெடுத்து வைக்க வேண்டியதாயிற்று.

எல்லா விரலையும் சீக்கிரம் அசைக்க வேண்டும் என்றும் இல்லை. பந்து பட்டு விரல் நுனி தொங்கிப்போனால் கதையே வேறு. நுனி மூட்டை ஆறு முதல் எட்டு வாரம் இரவும் பகலும் நீட்டியே வைக்க வேண்டும். குளிக்கும்போது ஒரு தடவை தொங்கவிட்டாலும் கணக்கு முதலிலிருந்து.

அடிபட்டவுடன் மோதிரத்தைக் கழற்றுங்கள், வீங்கிய பிறகு வெட்டத்தான் வேண்டும். கை இதயத்துக்கு மேலே இருக்கட்டும். ஸ்லிங்கில் வயிற்றோரம் தொங்கினால் வீக்கம் வடியாது. கட்டுக்குள் வலி ஏறிக்கொண்டே போய், விரல் மரத்து, நீலம் பாரித்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். நாட்டுக்கட்டுக்கும் இது பொருந்தும். இறுக்கிய மூங்கில் பட்டைக்கு அடியில் கொப்புளம் வெடித்த கைகளைப் பார்த்திருக்கிறேன். பிரண்டைத் துவையல் சாப்பிடலாமா என்பார்கள். தாராளமாக, கூடவே முட்டையும் பருப்பும். பீடி, சிகரெட்டை மட்டும் நிறுத்துங்கள், அது எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும்.

அசைக்கச் சொன்ன பிறகு, முதலில் முட்டியை மட்டும், அடுத்து நடு, நுனி மூட்டுகளைக் கொக்கி மாதிரி, கடைசியில் முழுக் கைப்பிடி. ஒவ்வொன்றும் பத்துத் தடவை, விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை. வீட்டுக்காரர் பிடித்து அமுக்கி மடக்குவது வேண்டவே வேண்டாம், வீக்கம்தான் கூடும். எல்லோரும் வாங்கி வரும் மஞ்சள் ஸ்மைலி பந்தும் எனக்குப் பிடிக்காது. பந்தைச் சுற்றிப் பிடித்தால் விரல் பாதியில் நின்றுவிடும், நமக்கு வேண்டியதோ கடைசிப் பாதி. கை எரிந்து, தோல் மினுமினுத்து, வியர்த்து, லேசாகத் தொட்டாலே துடித்தால் வெறும் முறிவு வலி என்று விடாதீர்கள், தாமதிக்காமல் சொல்லுங்கள்.

பூக்கார அம்மாவுக்கு முதல் நாள் மோதிர விரல் நுனிக்கும் உள்ளங்கை ரேகைக்கும் இடையே நான்கு சென்டிமீட்டர். வாரா வாரம் ஸ்கேல் வைத்து அளந்தோம். பயிற்சிக்கு நான் கொடுத்த, களிமண் மாதிரி பிசையும் உருண்டையை ஓரம் வைத்துவிட்டு, மடியிலிருந்து வாழைநாரை எடுத்துப் பயிற்சி செய்தார். மூன்று மாதத்தில் அரை சென்டிமீட்டர்தான் பாக்கி. நாரை இழுத்துப் பிடிக்கும் வேலையை நடுவிரலுக்கு மாற்றிக்கொண்டார். முன்பு இரண்டு முழம் கட்டும் நேரத்தில் இப்போது ஒன்றரை முழம் கட்டுகிறாராம்.