தடை உள்ள ஊரில் கோழியை ஒளித்து வளர்க்காதீர்கள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் கொல்லையில் நாலு கோழி வைத்திருப்பவர்களிடம் கால்நடை மருத்துவராக நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். அனுமதி இருந்தால் தெருவுக்குத் தெரிந்தே வளருங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஒளித்து மட்டும் வைக்காதீர்கள்.

ஏன் ஒளிக்கிறார்கள் என்பது புரிகிறது. 2014இல் தஞ்சாவூரும் 2021இல் கும்பகோணமும் மாநகராட்சி ஆயின. பாட்டி காலத்திலிருந்து பஞ்சாரம் கவிழ்த்த வீடு நகர எல்லைக்குள் வந்துவிடுகிறது, பக்கத்து மனையில் புதிதாகக் குடிவந்தவர் சேவல் கூவுகிறது, எச்சம் நாறுகிறது என்று மனு கொடுக்கிறார். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்தக் கோபம் நியாயமானதுதான். பிராணிகளைத் தொல்லையாகும் விதத்தில் வைத்திருந்தால் 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டப்படியே நடவடிக்கை எடுக்கலாம். அதுபோக ஊருக்கு ஊர் விதி மாறும், குடியிருப்புச் சங்கம் தனியாக ஒன்று வைத்திருக்கும். சுகாதாரப் பிரிவில் நேரில் போய்க் கேட்டுவிடுவது நல்லது.

மனு வந்ததும் பலர் கோழியைக் குளியலறைக்கோ மாடிப்படிக்கு அடியிலோ மாற்றி, தார்ப்பாய் போட்டு மூடிவிடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அங்கே எச்சம் காயவே காயாது. நெடி கண்ணைக் கரிக்கும், ரத்தக்கழிச்சல் வரும்.

ஒரு அம்மா கட்டைப்பைக்குள் ஒரு பெட்டையை வைத்துத் துண்டால் மூடிக் கொண்டுவந்தார். "டாக்டர் தம்பி, தெருவுல யாருக்கும் தெரிய வேணாம்ப்பா" என்பதுதான் முதல் பேச்சு. துண்டை எடுத்துப் பார்த்தால் கழுத்து பின்பக்கமாக முறுக்கிக்கொண்டிருந்தது, இறக்கை தொங்கியிருந்தது, அடியில் விரித்த செய்தித்தாள் முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். வெள்ளைக்கழிச்சல்தான், ராணிக்கேட் என்பார்களே அது. வந்தபின் மருந்து கிடையாது, தடுப்பூசி போடாத கோழிகளில் பெரும்பாலானவை போய்விடும். தடுப்பூசி முகாமுக்காக ஆட்கள் வீடு வீடாக வந்தபோது "எங்க வீட்ல கோழியே இல்ல" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்தத் தெருவில் இன்னும் எத்தனை வீட்டில் இதே பதில் சொல்லியிருப்பார்களோ என்பதுதான் என் கவலை.

ஏனென்றால் இந்தத் தடுப்பூசி ஒற்றைக் கோழிக்கென்று தனியாக வருவதில்லை. ஒரு குப்பி 100, 200 கோழிக்கானது. கரைத்துவிட்டால் பனிக்கட்டியில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். அதனால் தெருவே சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும். ஒரு வாரக் குஞ்சுக்குக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டு வாரம் கடந்ததற்கு இறக்கைத் தோலுக்கடியில் ஊசி. பிப்ரவரி வாக்கில் கால்நடைத் துறை இலவச முகாம் நடத்துவது வழக்கம், வெயில் ஏறுவதற்குள் போட்டுவிட்டால் கோடை தாண்டும்.

பறவைக்காய்ச்சல் இதைவிடப் பெரிய விஷயம். டெல்டாவில் அறுப்பு முடிந்த வயலில் மேய்ச்சல் வாத்துகள் வாரக்கணக்கில் திரியும், குளிர்காலத்தில் வடுவூர் ஏரிக்கும் கோடியக்கரைக்கும் வலசைப் பறவைகள் வரும். வாத்து மேய்ந்த தண்ணீர் கொல்லைக்கு வந்துசேர அதிக நேரம் ஆகாது. கோழிகள் திடீரென்று கொத்தாகச் செத்தால் வாய்க்காலில் வீசாதீர்கள், அறுத்துக் குழம்பும் வைக்காதீர்கள். வெறும் கையால் தொடாமல் உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். 2009ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி கோழி வைத்திருப்பவர் இதைத் தெரிவித்தே ஆக வேண்டும். பறவைக்காய்ச்சல் உறுதியானால் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள கோழிகளை அழிப்பார்கள். அப்படி அழித்த கோழிக்குத்தான் இழப்பீடு உண்டு, அதற்கு முன்பே செத்ததற்குக் கிடையாது. மறைத்தவருக்கு அந்தப் பணமும் போச்சு.

சரி, அனுமதி இருக்கிறது என்றால் சேவல் வேண்டாம். சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும், அடைவைக்கத்தான் சேவல் தேவை. சண்டையில் பாதி கூவலால் வருவது, அது அதோடு போகும். கோழிக்கு 2 சதுர அடியாவது இடம் விட்டு, தரையில் ஒரு சாண் உமி கொட்டிக் கிளறிவிடுங்கள். நம் ஊர் அரிசி ஆலைகளில் உமிக்கா பஞ்சம்? ஈரமானதை அன்றே அள்ளுங்கள். நொய்யும் தவிடும் இரவில் வெளியே கிடந்தால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். அப்புறம் பக்கத்து வீட்டார் மனு கொடுப்பதைத் தப்பு சொல்ல முடியாது.

நோட்டீஸ் வந்துவிட்டதா? அன்று இரவே கோழிகளைக் கூடையில் அள்ளிக் கிராமத்துச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். வெள்ளைக்கழிச்சல் கிருமி 21 நாள் வரைகூட வெளியே தெரியாமல் உடம்பில் இருக்கலாம், அங்கே உள்ள கோழிகளையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். மருத்துவரிடம் காட்டி ஒரு கடிதம் வாங்கி, அதை வைத்து நோட்டீஸ் கொடுத்த அலுவலகத்தில் மூன்று வாரம் அவகாசம் கேளுங்கள். அந்த மூன்று வாரத்தில் ஒரு கோழிகூட நோயில் சாகவில்லை என்றால் அனுப்பலாம். போன இடத்திலும் முதல் சில நாள் தனிக்கூண்டில் வைக்கச் சொல்லுங்கள்.