ஃபேன் தலையாட்டாமல் நிற்பது ஏன்?

கத்திரி வெயிலில் தஞ்சாவூர், மன்னார்குடிப் பக்கம் டேபிள் ஃபேன் இரவும் பகலும் ஓடும். காற்று வரும், தலை மட்டும் ஆடாது. பின்னால் உள்ள கியர் பாக்ஸைத் திறந்தால், மோட்டார் தண்டின் முனையில் திருகுபோல வெட்டிய எஃகு மரை, அதாவது ‘வார்ம்’, பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதோடு கோத்து ஓடும் வெள்ளை நைலான் சக்கரத்தின் பற்கள்தான் மழுங்கியோ இழுபட்டோ கிடக்கும். ‘கிரீஸ் காய்ந்துவிட்டது’ என்பார்கள். அது பாதிக் காரணம்.

சாதாரணப் பல்சக்கரங்களில் பற்கள் ஒரு புள்ளியில் உருளும், அதற்கு மேலும் கீழும் வழுக்கும். வார்மில் ஏறக்குறைய முழுவதும் வழுக்கல்தான். வழுக்கும் இடத்தில் வெப்பம் பிறக்கும். எஃகோடு உரசும் பிளாஸ்டிக்கின் உராய்வு எண் உலர்ந்த நிலையில் சுமார் 0.2. கிரீஸ் இருந்தால் 0.09 அளவு, எண்ணெயில் மூழ்கி ஓடினால் 0.04 வரை இறங்கும். வெப்பமும் அதே விகிதத்தில் குறையும்.

பிறந்த வெப்பம் வெளியேற வேண்டுமே! நைலான் எஃகைவிட ஏறத்தாழ 200 மடங்கு மோசமான வெப்பக் கடத்தி. ஆகவே பல்லின் தோலில் உண்டான சூடு எஃகு வழியாகத்தான் போயாக வேண்டும். பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் ஓடும் ஜோடியில் அந்த வழியும் இல்லை. ஃபேனில் வேறொரு சிக்கல்: மோட்டாரின் சூடு அதே எஃகுத் தண்டு வழியாகப் பல்லுக்கு வருகிறது. காற்றுத் துளைகளில் தூசி அடைத்தால் சூட்டை வாங்கிக்கொள்ள வேண்டிய தண்டே சூட்டைக் கொண்டுவந்து சேர்க்கும்.

இதில் மிக அழகான விஷயம் எண்ணெய்ப் படலத்தில் நடக்கிறது. பிளாஸ்டிக் வெப்பத்தை விடாததால் படலம் சூடேறி நீர்த்துப்போகிறது, வழுக்குவது இன்னும் எளிதாகிறது. பல் மெத்தென்று இருப்பதால் அழுத்தமும் பரவிவிடுகிறது. எஃகுப் பற்களுக்கிடையே நடப்பதுபோல எண்ணெய் அழுத்தத்தில் கெட்டிப்படுவதில்லை. நன்றாக எண்ணெய் கிடைக்கும் பிளாஸ்டிக் பல்லில் உராய்வு எஃகு ஜோடியைவிடக் குறைவாக இருப்பது இதனால்தான். ஆனால் படலம் பரப்பின் சொரசொரப்பைவிட மெலிந்துவிட்டால் பல்லும் எஃகும் நேரடியாக உரசத் தொடங்கும்.

எந்த எண்ணெயாலும் தடுக்க முடியாத வெப்பமும் உண்டு. பல் ஒவ்வொரு முறை வளைந்து நிமிரும்போதும் பிளாஸ்டிக்கின் உள்ளேயே கொஞ்சம் ஆற்றல் சூடாகிறது. சூடானால் பல் இளகும், இளகினால் அதிகம் வளையும், வளைந்தால் இன்னும் சூடாகும். நைலான் 66 என்ற வகை உருக 260 டிகிரி வேண்டும் என்று நிம்மதியடைய வேண்டாம். அதற்கு வெகு முன்பே பல்லின் வலு போய்விடும்.

டெல்டாவில் கவனிக்க வேண்டியவை சில. உமியில் சிலிக்கா மிகுதி. அறுவடைக் காலத் தூசி கிரீஸில் கலந்தால் அது உப்புத்தாள்தான். பழையதன்மேல் புதுக் கிரீஸ் தடவாமல், முழுக்கத் துடைத்துவிட்டுப் பற்களில் மெல்லிய பூச்சாகப் போடுங்கள். நாகப்பட்டினம் கடலோரத்தில் வார்மில் துரு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். துருப்பிடித்த வார்ம் புதுச் சக்கரத்தையும் அரம்போல் ராவிவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். மார்கழி விடியலில் உறையும், நாளடைவில் பிசினாகும்.

நைலான் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும், சூட்டிலும் விரியும். 30 மில்லிமீட்டர் சக்கரம் 50 டிகிரி கூடினால் 0.1 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் பெரிதாகும். அதனால் புதுச் சக்கரத்தை மாட்டியதும் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். பல்லிடையே சிறு ஆட்டம் இருக்க வேண்டும். குளிர்ந்திருக்கும்போதே இறுகினால், நடுப்பகலில் கட்டாயம் சிக்கும்.