தெருக்குழாயில் மோட்டார் மாட்டாதீர்கள்

ஒரே தெருவில் நாலு வீட்டில் மஞ்சள்காமாலை என்று புகார் வந்தால், குடிநீர்க் குழாய்களைப் பராமரிக்கும் நாங்கள் முதலில் தேடுவது இரண்டு: சாக்கடைக்குள் முங்கிக் கிடக்கும் வீட்டு இணைப்புக் குழாய், தெருவுக்கடியில் ஓடும் தெருக்குழாயிலிருந்து நேராக உறிஞ்சும் மோட்டார். பெரும்பாலும் இரண்டும் கிடைத்துவிடும். கழற்றச் சொன்னால் சண்டை. அடுத்த மாதம் மோட்டார் மறுபடி அதே இடத்தில் இருக்கும்.

"குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியேதானே கொட்டும், சாக்கடை எப்படி உள்ளே வரும்?" நன்றாகப் படித்தவர்களே இப்படிக் கேட்கிறார்கள். குழாய்க்குள் அழுத்தம் இருக்கும்வரை அது சரி. ஆனால் விட்டுவிட்டு நீர் வரும் குழாயில் அழுத்தமே சொற்பம். வருவதைவிட அதிகமாக மோட்டார் இழுத்தால், உள்ளழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் கீழே இறங்கிவிடும். ஓட்டை விழுந்த உறிஞ்சுகுழலில் இளநீர் குடித்துப் பாருங்கள், காற்றுதான் வாய்க்கு வரும். இங்கே ஓட்டைக்கு வெளியே இருப்பது காற்றல்ல, சாக்கடை. அரை எச்.பி. மோட்டாரே 6 மீட்டர் ஆழத்துத் தண்ணீரை இழுக்கும். குழாய்மேல் ஒரு சாண் தேங்கிய சாக்கடை அதற்கு எம்மாத்திரம்?

ஓட்டை பெரிதாக இருக்கவும் வேண்டாம். தோண்டிப் பார்த்தால் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயின் மரையில், துரு அரித்த இடத்தில், ஊசி நுழையும் துளைதான் இருக்கும். சுற்றிலும் கறுப்புச் சேறு. காலையில் கசிந்த அதே துளை, மோட்டார் ஓடும்போது உறிஞ்சும். உள்ளே வந்தது மோட்டார்காரர் வீட்டோடு நிற்காது. அதே குழாயில் உள்ள மற்ற வீடுகளுக்கும் போகும்.

"அதான் குளோரின் போடுகிறார்களே!" கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிஞ்ச வேண்டும் என்பது கணக்கு. சாக்கடை புகுந்தால் அது நொடியில் தீர்ந்துவிடும். குளோரின் வாடை வருகிறது என்று புகார் எழுதுபவர்களே, வாடை அடியோடு போனால்தான் எங்களுக்குக் கவலை.

இன்னொன்று: வெறுங்குழாயில் மோட்டார் இழுக்கும் காற்றும் மீட்டரைச் சுற்றும். காற்றுக்கும் சேர்த்துத்தான் கட்டணம் கட்டுகிறீர்கள்.

தெருக்குழாய் மட்டத்துக்குக் கீழே சம்ப் (தரைக்கடித் தொட்டி) கட்டி, தண்ணீரைத் தானாக விழ விடுங்கள். மிதவை வால்வு போடுங்கள். மோட்டார் சம்ப்பிலிருந்து மட்டும் இழுக்கட்டும். சம்ப்பின் வாய் தரையைவிட ஓர் அடியாவது உயரமாக, மூடி இறுக்கமாக இருக்கட்டும். சாக்கடைக்குள் போகும் இணைப்பைத் தயவுசெய்து இன்றே மாற்றுங்கள். துருப்பிடித்த இடத்தில் சைக்கிள் டியூப் சுற்றுவதெல்லாம் பழுதுபார்ப்பு ஆகாது.

சாக்கடை கலந்துவிட்டதா? சம்ப்பை இறைத்துத் தேய்த்துக் கழுவி நிரப்புங்கள். 1,000 லிட்டருக்கு 170 கிராம் வீதம் 30 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடரை வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். ஓர் இரவு விட்டு மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள், குடிக்காதீர்கள். பழைய பவுடரில் வீரியம் இருக்காது. இணைப்பைச் சரிசெய்யும்வரை தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்தே குடியுங்கள்.

புகார் கொடுக்கும்போது "தண்ணீர் நாறுகிறது" என்று மட்டும் எழுதாதீர்கள். திறந்ததும் முதல் சில நிமிடம் மட்டுமா, நடுவில் தொடங்கியதா, கடைசிவரையா, பக்கத்து வீட்டிலும் உண்டா என்று எழுதுங்கள். முதலில் மட்டும் என்றால் தண்ணீர் நின்றிருந்த நேரத்தில் ஊறியது. நடுவில் தொடங்கினால் யாரோ மோட்டார் போட்டிருக்கிறார்கள். எங்கே தோண்டுவது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்கிறோம்.