ஒரு வரி எழுதினால் இரண்டு வரி வருவது ஏன்?

அல்சூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணா, ஏ0-ல 560008 வைன்னு ஒரே வரிதானே எழுதினேன், இங்க ரெண்டு வரி இருக்கு, அதுல மைனஸ் 1144-னு வேற போட்டிருக்கு" என்றான். 560008 எங்கள் பின்கோடு, சோதனைக்குக் கைக்கு வந்த எண்ணைப் போட்டிருக்கிறான். ஆனால் அவன் கேட்டது நல்ல கேள்வி.

அவன் எழுதியது ரிஸ்க்-ஃபைவ் சிப்புக்கான அசெம்பிளி, அதாவது சிப்பின் கட்டளைகளைச் சுருக்கப் பெயர்களால் எழுதும் மொழி (சென்னை ஐஐடியின் சக்தி ப்ராசஸரும் இந்த வகைதான்). அதில் 'எல்ஐ' என்று ஒரு கட்டளை உண்டு, ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் எண்ணை வைக்கும் சின்ன அறை, ஏ0 அதில் ஒன்று) ஒரு எண்ணைப் போடு என்று அர்த்தம். விஷயம் என்னவென்றால், சிப்புக்கு அப்படி ஒரு கட்டளையே தெரியாது. நாம் எழுதுவதை சிப்பின் மொழிக்கு மாற்றும் மென்பொருளான அசெம்பிளர், நம் வசதிக்காக அதை ஏற்றுக்கொண்டு, சிப்புக்குத் தெரிந்த கட்டளைகளாக மாற்றி எழுதிவிடுகிறது. இதைத்தான் சூடோ கட்டளை என்கிறார்கள்.

ஏன் இரண்டு வரி? வழக்கமான ஒரு கட்டளையின் நீளம் 32 பிட். கூட்டல் கட்டளையான 'ஆட்ஐ'யில், என்ன வேலை என்று சொல்ல 7 பிட், கூடவே 3 பிட், எந்த ரெஜிஸ்டரிலிருந்து எடுத்து எதில் வைப்பது என்பதற்கு ஐந்தைந்து பிட், ஆக 20 போய்விட்டது. எண்ணுக்கு மிச்சம் 12 பிட்தான், அதாவது -2048 முதல் 2047 வரை. 560008 அதில் எங்கே அடங்கும்? அதனால் முதலில் 'லுய்' வருகிறது, அது தனக்குக் கொடுத்த 20 பிட் எண்ணை 4096-ஆல் பெருக்கியது போல மேல்பகுதியில் வைக்கும். 136 முறை 4096 என்றால் 557056, மிச்சம் 2952. ஆனால் 2952-ம் 2047-ஐத் தாண்டுகிறதே! அதனால் அசெம்பிளர் 137 போட்டு 561152-க்கு ஏறிவிட்டு, 'ஆட்ஐ'யில் 1144-ஐக் கழித்துக்கொள்கிறது. கடையில் 485 ரூபாய்க்கு 500 ரூபாய் நோட்டை நீட்டி 15 ரூபாய் சில்லறை வாங்குகிறோமே, அதே கணக்குதான். தொகுத்த கோப்பைப் பிரித்துக் கட்டளைகளாகக் காட்டும் ஆப்ஜ்டம்ப் என்ற கருவியில் பார்த்தால் 137 பதினாறடிமானத்தில் 89 என்று தெரியும், குழம்ப வேண்டாம்.

சின்ன எண் என்றால் ஒரே வரியில் முடிந்துவிடும். 'எல்ஐ ஏ0, 5' என்பது எக்ஸ்0-உடன் 5-ஐக் கூட்டி ஏ0-வில் வை என்று ஆகிறது. எக்ஸ்0 எப்போதும் பூஜ்யம்தான், எதை எழுதினாலும் மாறாது. ஒரு ரெஜிஸ்டரை இப்படி வீணடிப்பார்களா என்று தோன்றும், ஆனால் பாதி சூடோ கட்டளைகள் இதன் தலையில்தான் நிற்கின்றன. (நகலெடுக்கும் 'எம்வி'க்கு மட்டும் எக்ஸ்0 வேண்டாம், அது வெறும் 0 என்ற எண்ணைக் கூட்டுவது.) எதிர்மறையாக்கும் 'நெக்' எக்ஸ்0-விலிருந்து கழிப்பது. ஒன்றும் செய்யாத 'நாப்' எக்ஸ்0-உடன் 0-ஐக் கூட்டி எக்ஸ்0-விலேயே போடுவது.

சரி, சி மொழியில் எழுதிய லூப் என்ன ஆகிறது? ஐ என்ற எண் 1-லிருந்தும் எஸ் என்ற மொத்தம் 0-விலிருந்தும் தொடங்குகின்றன; ஐ 10-ஐத் தாண்டாத வரை எஸ்ஸோடு ஐ-யைக் கூட்டு, அப்புறம் ஐ-யை ஒன்று ஏற்று, இவ்வளவுதான் என்று வைத்துக்கொள்வோம். டி0 ரெஜிஸ்டரில் ஐ, டி1-ல் எஸ், டி2-வில் 10. கையால் மாற்றுகிறவர்கள் சறுக்கும் இடம் நிபந்தனைதான். நாம் 'தாண்டாத வரை உள்ளே இரு' என்று எழுதுகிறோம், அசெம்பிளியிலோ 'தாண்டிவிட்டால் வெளியே குதி' என்று திருப்பி எழுத வேண்டும்.

சுழல்: பிஜிடி டி0, டி2, முடிவு
ஆட் டி1, டி1, டி0
ஆட்ஐ டி0, டி0, 1
ஜே சுழல்
முடிவு:

இதில் 'பிஜிடி', அதாவது பெரிதாக இருந்தால் குதி, அதுவும் சூடோதான். சிப்பிடம் இருப்பது சிறிதாக இருந்தால் குதிக்கும் 'பிஎல்டி'. டி0 டி2-வை விடப் பெரிது என்றாலும் டி2 டி0-வை விடச் சிறிது என்றாலும் ஒன்றுதானே, அசெம்பிளர் இரண்டையும் இடம் மாற்றிவிடுகிறது. அந்த 'ஜே'யும், திரும்பி வர வேண்டிய முகவரியை எக்ஸ்0-வில் எழுதித் தொலைத்துவிடும் ஒரு 'ஜால்'தான். (கம்பைலரிடம் ஓ2, அதாவது நிரலை வேகமாக்கு என்ற தேர்வைக் கொடுத்துவிட்டு இந்த லூப்பைத் தேடாதீர்கள், அதுவே கூட்டிப் பார்த்து வெறும் 55-ஐ வைத்துவிடும்.)

எது சூடோ, எது நிஜம் என்பது சிப்புக்குச் சிப்பு மாறும். மிப்ஸ் என்ற பழைய சிப் வகையில் 'பிஎல்டி'யே சூடோ. முதலில் ஒப்பிட்டு விடையை ஒரு ரெஜிஸ்டரில் வைத்து, அப்புறம் அதைப் பார்த்துக் குதிக்கும். அதற்கென்றே 'ஏடி' என்று ஒரு ரெஜிஸ்டரை அசெம்பிளர் தனக்கு ஒதுக்கிக்கொள்ளும், நாம் அதைத் தொடக் கூடாது. ரிஸ்க்-ஃபைவில் அந்தத் தொல்லை இல்லை, இந்த விஷயத்தில் என் ஓட்டு இதற்குத்தான்.

நீங்களே பார்க்க வேண்டுமா? ஆப்ஜ்டம்ப் சும்மா ஓட்டினால் நமக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு 'எம்வி', 'நாப்' என்று மறுபடி சூடோவாகவே மாற்றிக் காட்டும். 'நோ-அலியசஸ்' என்ற தேர்வைச் சேர்த்தால்தான் சிப் பார்ப்பது தெரியும். ஆர்வி32ஐ (32 பிட் ரிஸ்க்-ஃபைவின் அடிப்படைக் கட்டளைகள் மட்டும்) என்று குறிப்பிட்டுத் தொகுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் 16 பிட் குறுங்கட்டளைகளும் நடுவில் கலந்துகொண்டு கணக்கைக் குழப்பும்.